காதடியில் ஒரு விரற்கடை

எனக்குத் தாடி.
முப்பத்தொரு வருடத் தாடி.
வீட்டில் பதினான்கு சவரக்கத்திகள்.
வியேல்சால்மில் இதைச் சொல்லிச் சிரித்துவிட்டுத்தான்
மழையைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள்.

கல் எங்கள் மலையுடையது.
சால்ம் ஆற்றுக்கு மேலே
ஊதாப் பலகைப்பாறையின் நடுவில்
வெண்ணெய் வைத்து மூடியதுபோல் ஒரு மஞ்சள் படலம்.
அறுத்தெடுத்தால் கையளவு கல்;
மேலே மஞ்சள், அடியில் ஊதா,
ஒட்டிவைத்தவர் எவருமில்லை.
மஞ்சளுக்குள் செம்மணிகள் உண்டு,
கண்ணுக்கு அகப்படாத பொடி.
எஃகைத் தின்பவை அவைதாம்.

சிறுகல்லால் உரசிப் பால் எழுப்புவேன்.
கத்தியைப் படுக்கப் போடுவேன்,
முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் பட.
வாய் முன்னே போகும்,
கோடியில் முதுகின்மேல் புரண்டு
திரும்ப வாயே முன்னே வரும்.
பால் கறுக்கும். அந்தக் கறுப்பு, கத்தி.
ஒரு சொட்டுத் தண்ணீர், இருபது போக்கு.
இன்னும் ஒரு சொட்டு.
பால் மோராகி, மோர் நீர்மோராகி,
கடைசியில் வெறும் தண்ணீரில்
விட மனமில்லாமல் கத்தி கல்லோடு ஒட்டும்.
நிறுத்த வேண்டிய இடம் அது.
அங்கே நிறுத்தாமல் நான் கெடுத்த பதங்களை
எண்ணிச் சொல்ல மாட்டேன்.

பிறகு வார். துணி, அப்புறம் குதிரைத்தோல்.
இங்கே முதுகு முன்னே;
மறந்தால் தோல் கிழியும், இரண்டு முறை கிழிந்திருக்கிறது.
அறுபதாவது போக்கில்
தாடியிலிருந்து ஒரு மயிர் பிடுங்கி
வாயின்மேல் விடுவேன்.
இரண்டாகும்.
எண்ணெயிட்டு மூடிவைப்பேன்.
அவ்வளவுதான்.

நவம்பரில் ஒரு ராத்திரி ஹெர்மின் கதவைத் தட்டினாள்.
தெசிரே போய் ஐந்து மணி நேரமாம்.
ஒன்பது நாள் படுக்கை, முகமெல்லாம் முள்.
"உன்னிடம் கத்தி இருக்கிறதே" என்றாள்.
என் தாடியை அவள் பார்க்கவில்லை.

தெசிரே தபால்காரன்.
என் கற்களையெல்லாம் மேட்டில் சுமந்து வந்தவன்.
"மறுபடியும் பாறையா? மலையையே தபாலில் வாங்குகிறாயே"
என்று மூச்சு வாங்கக் கையெழுத்துக் கேட்பான்.

உயிருள்ள முகம் சொல்லிவிடுமாம்,
இழுக்கிறது, எரிகிறது, அங்கே போதும் என்று.
நானோ எந்த முகத்தையும் கேட்டதில்லை.
தெசிரேயும் ஒன்றும் சொல்லவில்லை.
காதைத்தான் நம்பினேன்:
நல்ல வாய் மயிரில் பேசும்,
வெங்காயச் சருகு உரிவதுபோல.
வெந்நீர்த் துணி, நுரை,
இடக்கையால் தோலை இழுத்துப் பிடித்து.
வெட்டினாலும் ரத்தம் வராது.
தெரியும். தெரிந்தும் கை நடுங்கிற்று.
கன்னம், மேலுதடு, தொண்டைக்குழி.
இடக் காதுக்கு அடியில் ஒரு கொத்து,
ஒன்பது நாளுக்கு மிஞ்சிய நீளம்.
யாரோ விட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன்.
ஒரே இழுப்பு. கண்ணாடி.

ஹெர்மின் விளக்கைக் கிட்டே கொண்டுவந்தாள்.
புறங்கையால் கன்னத்தைத் தடவி,
"எவ்வளவு மழமழப்பு" என்றாள்.
விரல் இடக் காதடிக்குப் போயிற்று.
நின்றது. தேடியது.

"இங்கே ஒரு விரற்கடை விட்டுவிடுவார்.
நாற்பத்திரண்டு வருஷம், சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.
கல்யாணப் படத்தில்கூட இருக்கிறது."

கோபமில்லை.
அடுத்த வீட்டுக் கடிதம் தன் பெட்டியில் விழுந்ததைச்
சொல்வதுபோல் சொன்னாள்.
காப்பி கொடுத்தாள். சர்க்கரை மறந்திருந்தாள்.
குடித்தேன்.

வீட்டில் துடைப்பதற்காகக் கத்தியைத் திறந்தேன்.
பிடியின் இடுக்கில், காய்ந்த நுரையோடு,
நரைத்த மயிர் ஒன்று. நீளமானது.

விளக்கடியில் வெகுநேரம் வைத்திருந்தேன்,
ஒரு கையில் அது, மறுகையில் கத்தி.

இரண்டாகும் என்று தெரியும்.
விட்டுப் பார்க்கவில்லை.